நல்லாட்சி மட்டும் போதுமா?

நமக்கு ஒரு நன்மை கிடைக்குமாயின், அதனைச் செய்தவர் யாராயிருந்தால் என்ன? அவரை நாமே தேர்ந்தெடுத்தோமா, பிறர் நியமித்தனரா என்று ஆராய்வதனால் வரும் பயன் யாது? கால்வாய் தூய்மையாக ஓட வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். குப்பை காலத்தோடு அகற்றப்பட வேண்டும். இவை நடந்தால் போதாதா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது நிர்வாகத்தைப் பற்றிய வினாவாகவே தோன்றும். சற்று ஆழ்ந்து எண்ணினால், மனிதனை எத்தகையவனாக மதிக்கிறோம் என்னும் அறவினா இதனுள் அடங்கியிருப்பது புலனாகும்.

சிரம்பானிலிருந்து ரந்தாவ் செல்லும் சாலையில் கோலா சாவா என்னும் சிற்றூர் இருக்கிறது. ‘கோலா’ என்னும் மலாய்ச் சொல் ஆறு கூடுமிடத்தையும், ‘சாவா’ என்பது நெல்வயலையும் குறிக்கும். பெயரில் நீரும் நெல்லும் இருப்பினும், அவ்வட்டாரத் தமிழர்க்கு அப்பெயரைக் கேட்டவுடன் நினைவில் எழுவன இரப்பர்த் தோட்டங்களே. விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் ஒலி, நிரை நிரையாக நின்ற மரங்கள், வரிசையாக அமைந்த லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், அதனருகே தமிழ்ப்பள்ளி என ஓர் உலகமே அங்கு இருந்தது.

அத்தகைய தோட்டமொன்றில் நான் சிறுவனாக வாழ்ந்த நாளில், முதியவர் ஒருவர் தம் இளமைக் காலத்துத் துரை ஒருவரைப் பற்றி அடிக்கடி பேசுவார். அந்தத் துரை நல்லவராம். லயத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டுவித்தாராம். குழாய் போட்டுக் கொடுத்தாராம். மழைக்கு ஒழுகிய கூரைகளை மாற்றினாராம். பின்னர் அவர் மாற்றலாகிச் சென்றார். அடுத்து வந்தவர் கால்வாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓராண்டுக்குள் அது மண்மூடிப் போயிற்று.

“நீங்கள் போய்க் கேட்டிருக்கலாமே, தாத்தா?” என்று நான் வினவினேன்.

“கேக்கறதா? அந்த நல்ல தொரைகிட்டயும் நாங்க எதையும் கேக்கலியே, தம்பி. அவரா செஞ்சாரு. இவரு செய்யல. அவ்வளவுதான்” என்றார் அவர்.

அவர் குரலில் சினமும் இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்ததையும் பெய்யாமற் போனதையும் சொல்வது போலவே சொன்னார். தம் வாசலில் ஓடிய கால்வாய் தம்முடைய பொறுப்பு என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணுவதற்கு யாரும் அவரைப் பழக்கவும் இல்லை. நல்ல துரையின் ஆட்சியும் அல்லாத துரையின் ஆட்சியும் அம்முதியவரிடத்தில் ஏற்படுத்திய விளைவு ஒன்றே. இருவருமே அவரைக் கேட்கவில்லை. இக்கட்டுரையில் நான் கூற விழைவது இந்த ஒரு செய்தியைப் பற்றியே.

நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல் ஒரு காலத்தில் நடைபெற்றது என்பதை இன்றைய மாணவர் பலர் அறியார். 1950 ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்து மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். நாடு விடுதலை பெறுவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே வாக்குச் சீட்டைக் கையில் ஏந்தும் பழக்கம் நகர மக்களுக்கு ஏற்பட்டுவிட்டது. புதுக்கிராமங்கள் பலவற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இயங்கின.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி, இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் மீண்டும் நடத்தப்படும் என்பதே அன்று அளிக்கப்பட்ட உறுதி. அதே ஆண்டில், ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். 1971 இல் வெளியிடப்பட்ட அதன் அறிக்கை, குறைகள் பல இருப்பினும் நியமன முறையினும் தேர்தல் முறையே மேலானது என்னும் முடிவைக் கூறியது. அரசு அம்முடிவை ஏற்கவில்லை. 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் மன்றத் தேர்தலுக்கு முடிவு கட்டியது. அச்சட்டத்தின்படி, தலைவர் நீங்கலாக எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர் வரை மாநில அரசே நியமிக்கும். ஒரு நியமனத்தின் காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படாது. பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்கக் கருதி 2012 இல் ஒரு சட்டம் இயற்றியது. அது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது.

தோட்டத் தமிழரின் நிலை இவ்வரலாற்றில் தனித்தது. நகரத்தார் பெற்று இழந்ததைத் தோட்டத்தார் பெறவே இல்லை. தோட்டம் என்பது தனியார் நிலம். அங்கே சாலையும் குழாயும் விளக்கும் நிர்வாகத்தின் உடைமைகள். ஆகவே, நகரில் தேர்தல் நடந்த நாளிலும் லயத்தில் வாழ்ந்தவர்க்குப் பெரும்பாலும் அதில் பங்கில்லை. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே மதிப்பீட்டு வரி கட்டும் குடிமக்களாயினர். ஆனால் அவர்கள் மன்றத்தின் எல்லைக்குள் வந்து சேர்ந்தபோது, மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கிருந்து போய்விட்டிருந்தது.

நியமன முறைக்குச் சார்பாகக் கூறப்படும் காரணங்களை நாம் புறக்கணித்தல் தகாது. நியமிக்கப்படுவோர் ஊராட்சியில் அனுபவம் மிக்கவராகவோ, தொழிலில் சிறந்தவராகவோ, தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவராகவோ இருத்தல் வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. இவை நல்ல தகுதிகள். தேர்தலில் நிற்க விரும்பாத நல்லாசிரியர் ஒருவர் நியமனத்தின் வழியே மன்றத்தில் அமரக்கூடும். சிறுபான்மையினர்க்கு ஓரிடம் உறுதியாகக் கிடைக்கக்கூடும். தேர்தற் செலவும் இல்லை. சுவரொட்டிப் பகையும் இல்லை. பல்லினம் வாழும் நாட்டில் ஒவ்வொரு வட்டாரமும் வாக்கின் பெயரால் பிளவுபடாது என்பதும் ஒரு வாதம். இவ்வாதங்களை முன்வைப்போர் அனைவரும் தீய எண்ணம் உடையவர் என்று கருதுவது நேர்மையாகாது.

எனினும், தகுதியுடையவர் என்று முடிவு செய்பவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இதற்கு விடை காண, நம் தோட்டங்களுக்குத் துரைமாராக வந்தவருள் பலரின் தாயகமாகிய ஸ்காட்லாந்தின் வரலாறு துணை செய்யும். அந்நாட்டு நகரங்களில் 1469 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதவி விட்டு நீங்கும் மன்றமே தனக்கு அடுத்த மன்றத்தைத் தேர்ந்துகொண்டது. அனுபவம் மிக்கவர் அனுபவம் மிக்கவரைத் தேர்வதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறுண்டா என்றே அன்று தோன்றியிருக்கும். நடந்தது வேறு. கேள்வி கேட்பார் இல்லாத மன்றங்களில் நகரத்தின் பொதுச்சொத்தும் கணக்கும் ஒரு சிறு வட்டத்தின் கைக்குள் சென்றன. 1817 இல் அபர்டீன் நகரம் கடனைத் தீர்க்க வழியின்றி நொடித்தது. 1833 இல் தலைநகரமாகிய எடின்பரோவும் அந்நிலையை அடைந்தது. அதே 1833 இல்தான், ஓரளவு சொத்துள்ள வீட்டுக்காரர்க்கு மன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைச் சட்டம் வழங்கியது.

அன்று உழைப்பாளிக்கும் பெண்ணுக்கும் கிடைக்காத அவ்வுரிமை படிப்படியாக விரிந்தது. இன்று ஸ்காட்லாந்தின் சிற்றூர் வட்டாரம் ஒன்றில் பதினாறு வயது மாணவன் தன் மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கிறான். 2020 இல் இயற்றிய சட்டத்தால், அங்கே முறையான அனுமதியுடன் வாழும் அயல்நாட்டவரும் வாக்களிக்கின்றனர். கோலா சாவாவிலிருந்து அங்குச் சென்று குடியிருக்கும் நம்மவர் ஒருவர், அந்த ஊரின் கால்வாயைப் பற்றி வாக்களிக்கலாம். தாம் பிறந்த ஊரின் கால்வாயைப் பற்றி வாக்களிக்க இயலாது.

தேர்தல் பிளவை வளர்க்காதா என்ற அச்சத்திற்கும் விடை கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்து மேலவளவு என்னும் ஊரில், பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 இல் உடனிருந்தோர் ஐவருடன் படுகொலை செய்யப்பட்டார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி அவ்வாறு ஒதுக்கப்பட்டதை எதிர்த்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் தேர்தல் நடவாமற் செய்யப்பட்டது. 2006 இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தேறியது. இவற்றைக் கண்டு, ‘தேர்தல் இல்லாதிருந்தால் இக்கொலை நிகழ்ந்திராது’ என்று ஒருவர் கூறலாம். ஆனால் பகையைத் தேர்தல் படைக்கவில்லை. அதற்கு முன் பகை தோன்றாமைக்குக் காரணம், கேட்கப்படாதவர் கேட்கப்படாமலே அடங்கிக் கிடந்ததுதான். அந்த அமைதியை ஒற்றுமை என்று போற்றுதல் அறமாகுமா? ஒரு சிற்றூரின் தலைவர் பதவிக்காக மனித உயிரையே பறிக்கத் துணிந்தனர் எனில், அப்பதவியில் அடங்கியிருந்தது குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் மட்டும் அல்ல என்பது வெளிப்படை. யார் சொல் ஊரில் செல்லும், யார் மனிதராகக் கருதப்படுவர் என்பதே அங்கு எழுந்த வழக்கு.

அப்படியாயின், வாக்களிப்பதன் மதிப்பு அதன் விளைவில் இல்லையா? இதற்கு நம் வட்டாரமே ஒரு சான்று தருகிறது. கோலா சாவாவுக்கு அணித்தான ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில், 2018 பொதுத்தேர்தலில் வாக்குப்பதிவே நிகழவில்லை. எதிர்த்துப் போட்டியிட வந்தவர், அனுமதி அட்டை இல்லையென்று வேட்புமனு நிலையத்துள் விடப்படாமையால், மற்றவர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவ்வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூட்டரசு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2019 ஏப்ரல் 13 ஆம் நாள் இடைத்தேர்தல் நடைபெற்றது. அதில் வென்றவர் யார்? முன்பு போட்டியின்றி அறிவிக்கப்பட்ட அதே முகமட் ஹசான்தான். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார்.

முடிவு மாறவில்லை. அப்படியானால் வழக்கும் தேர்தலும் வீண் என்று கூறலாமா? எவரும் அவ்வாறு கூறார். முதலில் அவர் அமர்ந்தது மக்களைக் கேளாமல். பின்னர் அமர்ந்தது மக்களைக் கேட்டு. பதவி ஒன்றே, மனிதரும் ஒருவரே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தோற்ற பக்கத்திற்கு வாக்களித்த தொழிலாளியும் அன்று கேட்கப்பட்டார். தம் விடையைச் சொன்னார். வென்றவர் தவறினால் ‘நான் எச்சரித்தேன்’ என்று கூறும் உரிமை அவருக்கு உண்டு. வென்றவர்க்கு வாக்களித்தவர்க்கோ ‘நான் தவறினேன்’ என்று ஒப்புக்கொள்ளும் கடமை உண்டு. இந்த உரிமையும் கடமையும் நியமனத்தில் பிறப்பதில்லை. நியமிக்கப்பட்டவர் எத்துணை நல்லவராயினும், அவர் நன்மையில் நமக்குப் பெருமை இல்லை. அவர் பிழையில் நமக்குப் பழியும் இல்லை. பெருமையும் பழியும் அற்ற வாழ்வு குழந்தைக்கு உரியது. வளர்ந்த மனிதனை அந்நிலையிலேயே வைத்திருப்பது, அன்போடு செய்யப்பட்டாலும், அவனைக் குறைத்து மதிப்பதேயாகும்.

நம் முன்னோரும் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தனர். உத்தரமேரூர்க் கல்வெட்டைத் தமிழாசிரியர் அனைவரும் வகுப்பில் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அக்கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையைக் கூறுகின்றன. அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாக்கிப் பேசுவது பொருந்தாது. அது வாக்கெடுப்பு அன்று, திருவுளச் சீட்டு. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தணரே அதற்கு உரியர். உழுதவனும் பெண்டிரும் அக்குடத்தில் இடம்பெறவில்லை. ஆயினும், நாம் கற்கத் தகுந்த இரண்டு விதிகள் அதில் உள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாது. அவனுடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. முந்திய மூன்றாண்டுகளில் பதவி வகித்தவரும் வரலாகாது. ஏரியையும் தோட்டத்தையும் காக்கும் பொறுப்பு ஒருவர் கையிலே நிலைத்துவிடக் கூடாது என்னும் கவலை அவ்வரிகளில் தெரிகிறது.

நாம் வாழும் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அடாட் பெர்பாத்தே மரபும் இங்கு நினைக்கத் தக்கது. குடிகள் தம் குடித்தலைவரையும், அவர் தம் குலத்தலைவரையும், குலத்தலைவர் உண்டாங்கையும், நான்கு உண்டாங்குகள் மாநில ஆட்சியாளரையும் தேர்வதே அம்மரபின் அடிப்படை. பேரரசரையும் ஆட்சியாளர் மாநாடு ஐந்தாண்டுக்கொரு முறை கமுக்க வாக்கெடுப்பினால் தேர்ந்தெடுக்கிறது. முதற்பேரரசராக 1957 இல் அமர்ந்தவர் நெகிரி செம்பிலானைச் சார்ந்தவரே. தேர்ந்தெடுத்தல் இம்மண்ணுக்கு அயலான வழக்கம் அன்று என்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் கூறியபின், விரல் நம்மை நோக்கித் திரும்ப வேண்டியது முறை. மன்றத் தேர்தல் நமக்கில்லை என்று வருந்தும் நாம், நமக்கு உள்ள தேர்தல்களை எவ்வாறு போற்றுகிறோம்? கோயில் நிர்வாகக் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கக் கிளை ஆகிய இவற்றில் நம்மைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அங்கே கைதூக்கும் உரிமை தோட்டத் தொழிலாளிக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆண்டுக் கூட்டம் ஒன்றை நான் மறக்க இயலவில்லை. கோயிற் கணக்கு விரைந்து படிக்கப்பட்டது. ஒரு தொகை எனக்கு விளங்கவில்லை. எழுந்து கேட்க எண்ணினேன். பக்கத்தில் இருந்தவர், “எல்லாம் நம்ம ஆளுங்கதானே, சார், சாப்பாடு ஆறிடும்” என்றார். கணக்கை ஏற்பவர் கைதூக்குக என்றனர்; நானும் தூக்கினேன். பிழை ஏதும் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமலே கைதூக்கியதுதான் என் பிழை. ‘அவரா செஞ்சாரு, இவரு செய்யல’ என்ற அம்முதியவரைக் கண்டு சிறுவயதில் வியந்த நான், கற்றவனாகி, ஆசிரியனாகி, வாக்கும் கையில் இருந்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர்க்காவது வழியில்லை. எனக்கு வழி இருந்தது.

இந்த இழிவு என் ஒருவனுடையது மட்டுமாக இருந்தால் இங்கு எழுத வேண்டியதில்லை. போட்டியின்றி ஆண்டாண்டாக ஒருவரே தலைவராக இருப்பதை ஒற்றுமை என்கிறோம். கணக்குக் கேட்பவனைக் கலகக்காரன் என்கிறோம். பெண்கள் சமைப்பதற்கு வருகிறார்கள், வாக்களிக்க வருவதில்லை என்பதைக் கவனியாது விடுகிறோம். திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என ஈரதிகாரங்கள் வகுத்தது அரசனை நோக்கியே. ஆனால் மக்களே அரசராகும் காலத்தில், ஆராய்ந்து தேறும் அக்கடமை மக்கள் ஒவ்வொருவரையும் வந்தடைகிறது. உரிமையைக் கேட்பவர் இக்கடமையையும் சேர்த்தே கேட்கிறோம் என்பதை உணர வேண்டும்.

நம் மாணவர் இப்போது பதினெட்டு வயதிலேயே நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் வாக்களிக்கும் தகுதி பெறுகின்றனர். 2021 டிசம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. ஐந்தாண்டுக்கொரு முறை வரும் அப்பெருந்தேர்தலுக்கு அவர்கள் எங்கே பழகுவர்? தெருவின் கால்வாயைப் பற்றி ஒரு நாளும் கேட்கப்படாதவன், நாட்டின் போக்கைப் பற்றித் திடீரெனத் தெளிந்து விடைகூறுவான் என்று எதிர்பார்த்தல் ஆகுமா? வகுப்புத் தலைவனை ஆசிரியரே சுட்டி அமர்த்துவது எளிது. மாணவரைக் கேட்டு, அவர்கள் தவறாகத் தேர்ந்தாலும் ஒரு பருவம் பொறுத்து, அத்தவற்றை அவர்களே உணருமாறு செய்வது அரிது. அரிதான அதுவே கல்வி.

மன்றத் தேர்தல் மீளுமா, எப்போது மீளும் என்பன அரசியலார் விடைகூற வேண்டிய வினாக்கள். அது மீள வேண்டும் என்பதே என் கருத்து. மீண்டால் நம் கால்வாய்கள் உடனே தூய்மையாகிவிடும் என்று நான் உறுதி கூறேன். தகுதியற்றவரையும் நாம் தேர்ந்தெடுக்கக்கூடும். ஆனால் அன்று கால்வாய் மண்மூடிப் போனால், ‘இவரு செய்யல, அவ்வளவுதான்’ என்று சொல்லி வாசலில் அமர்ந்திருக்க நம்மால் இயலாது. ‘இவரை அமர்த்தியவர் நாம்’ என்று எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அந்த நாள் வரும்வரை, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் படிக்கப்படும்போது, விளங்காத தொகையைப் பற்றி எழுந்து கேட்பது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.